பெண்ணை மரமாக்கலாமா?

காதலுக்குப் பயந்து ஒரு பெண் மரமாகிப் போனாள்!

அவளை மரமாக்கியது யார்? துரத்தி வந்தவன் அல்ல. அவளைப் பெற்ற தகப்பன்!

இது கிரேக்க நாட்டுப் பழைய கதை. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பு, ஓவிட் என்ற ரோமாபுரிக் கவிஞர் இதைப் பாட்டாக எழுதி வைத்தார். பிறகு இத்தாலி நாட்டு ஓவியர்கள் இதைப் படமாக எழுதினார்கள். சிற்பிகள் பளிங்குக் கல்லில் வடித்தார்கள். நாடகக்காரர்களும் விடவில்லை.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிட்லபாக்கத்துக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

காலை நேரத்தில் சிட்லபாக்கத்துத் தெருக்களைப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகள் தோளில் பையை மாட்டிக்கொண்டு வேக வேகமாக நடக்கிறார்கள். சிலர் சானடோரியம் ரெயில் நிலையத்துக்குப் போகிறார்கள். சிலர் குரோம்பேட்டை நிலையத்துக்குப் போகிறார்கள். கல்லூரிக்குப் போகிறவர்கள், கடைக்கு வேலைக்குப் போகிறவர்கள், "மெப்ஸ்" என்று எல்லோரும் சொல்கிற ஏற்றுமதி மண்டலத் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் என்று எத்தனையோ பேர்.

அவர்களில் ஒரு பெண் மாலையில் வீட்டுக்கு வருகிறாள். "அப்பா, பத்து நாளா ஒருத்தன் ஸ்டேஷன்லேருந்து பின்னாலேயே வர்றான்" என்று சொல்கிறாள். அந்த வீட்டில் அப்புறம் என்ன நடக்கும்?

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்க்கலாம்.

நோட்டுப் புத்தக அளவு

லண்டன் நகரத்தில் நேஷனல் காலரி என்ற பெரிய ஓவியக் கூடம் இருக்கிறது. அங்கே உள்ள ஒரு சின்னப் படம் இது. உயரம் 29.5 செ.மீ. அகலம் 20 செ.மீ. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெரிய நோட்டுப் புத்தகத்தின் அளவுதான். துணியில் எழுதிய படம் அல்ல. மரப் பலகையில் எண்ணெய் வண்ணத்தால் எழுதியது. மரமாகிப் போன பெண்ணின் கதையை மரத்தின் மேலேயே எழுதியிருக்கிறார்கள்!

எழுதிய ஊர் இத்தாலியில் உள்ள பிளாரன்ஸ். எழுதிய காலம் 1470-க்கும் 1480-க்கும் இடையில் இருக்கலாம். பழைய கிரேக்கக் கதைகளையும் ரோமாபுரிக் கதைகளையும் தேடி எடுத்து, புதிய கண்ணோடு பார்த்த காலம் அது. சரித்திர ஆசிரியர்கள் அதை மறுமலர்ச்சிக் காலம் என்று சொல்வார்கள்.

பொல்லாயுவோலோ என்று பெயர் பெற்ற அண்ணன் தம்பி இருவர் அப்போது பிளாரன்சில் இருந்தார்கள். அண்ணன் அந்தோனியோ. தம்பி பியரோ. தகப்பனார் கோழி வியாபாரி. அதனால்தான் அந்தப் பெயர். இந்தப் படத்தை எழுதியவர் அண்ணன் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். தம்பி எழுதியது என்று ஓவியக் கூடத்தார் பிற்பாடு முடிவு செய்தார்கள்.

படத்தில் என்ன இருக்கிறது?

ஒரு வாலிபன் ஓடி வந்து ஒரு பெண்ணைப் பிடிக்கிறான். பிடித்தும் விட்டான். ஆனால் அவளுடைய கைகள் கைகளாக இல்லை! தோளுக்கு மேலே இரண்டு பெரிய புதர்கள். இலை அடர்ந்து வானத்தைப் பார்த்து விரிந்து நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் சிறகு முளைத்த மாதிரி தெரியும். தோளுக்குக் கீழே அவள் இன்னும் பெண்தான். முகத்தில் பெரிய அலறல் ஒன்றும் இல்லை. பின்னால் ஓர் ஆறு அமைதியாக வளைந்து போகிறது.

அந்த வாலிபனின் உடையைக் கவனிக்க வேண்டும். அவன் கிரேக்க தேவன். ஆனால் கிரேக்க உடை உடுத்தவில்லை. அந்தக் காலத்துப் பிளாரன்ஸ் நகரத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளை எப்படி உடுத்துவானோ, அப்படி உடுத்தியிருக்கிறான். "இவன் ஏதோ பழங்காலத்துத் தேவன் என்று நினைக்காதீர்கள், நம் தெருப் பையன்தான்" என்று ஓவியர் சொல்வது போல் இருக்கிறது. அவர் அதை நினைத்துத்தான் எழுதினாரோ, வழக்கப்படி எழுதினாரோ, பார்க்கிறவர் மனதில் அதுதான் படுகிறது.

இரண்டு அம்புகள்

அந்த வாலிபன் பெயர் அப்பல்லோ. இந்தப் பெயரைக் கேட்டால் சென்னைக்காரர்களுக்கு ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். பெரியவர்களுக்கு 1969-ல் சந்திரனுக்குப் போன விண்கலம் நினைவுக்கு வரும். கிரேக்கர்களுக்கு அப்பல்லோ ஒளிக்கும், இசைக்கும், வைத்தியத்துக்கும் தேவன். பெரிய வில்லாளி. பைத்தான் என்ற ராட்சதப் பாம்பைக் கொன்றவன்.

பாம்பைக் கொன்ற கர்வத்தில் அவன் ஒருநாள் கியூபிட்டைக் கேலி செய்தான். கியூபிட் யார்? நம் மன்மதனைப் போன்றவன். மன்மதனுக்குக் கரும்பு வில், மலர் அம்பு. கியூபிட்டுக்கு இரண்டு விதமான அம்புகள். ஒன்று தங்க அம்பு, அது பட்டால் ஆசை பற்றிக்கொள்ளும். இன்னொன்று ஈய அம்பு, அது பட்டால் ஆசை என்றாலே வெறுப்பு வரும்.

"சின்னப் பயலே, உனக்கு எதற்கு வில்?" என்கிற மாதிரி அப்பல்லோ பேசிவிட்டான். கியூபிட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. தங்க அம்பை எடுத்து அப்பல்லோ மேல் விட்டான். ஈய அம்பை டாப்னி என்ற பெண் மேல் விட்டான்.

டாப்னி, பெனியஸ் என்ற ஆற்றுத் தேவனின் மகள். காட்டில் வேட்டையாடித் திரிவதில் அவளுக்குப் பிரியம். கலியாணம் வேண்டாம் என்று முன்பே தகப்பனிடம் சொல்லி வைத்திருந்தாள். தகப்பனுக்கு மனக்குறை. மருமகன் வேண்டும், பேரப்பிள்ளை வேண்டும் என்று கேட்டுப் பார்த்தான். மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கெஞ்சினாள். அவனும் சரி என்று விட்டுவிட்டான். பாசமுள்ள தகப்பன்தான்.

ஆண்பிள்ளைகள் தப்பித்துக்கொள்ள இந்தக் கதையில் நல்ல வழி இருக்கிறது. "அம்பு பட்டது, அவன் என்ன செய்வான்?" என்று கேட்கலாம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். "மனசு கேட்கவில்லை" என்கிறார்கள். அம்பு மனதில் பட்டது சரி. காலில் படவில்லையே! மனதில் ஆசை வந்தது அப்பல்லோவின் குற்றம் அல்ல. கால் எடுத்து ஓடினானே, அது அவனே செய்தது.

"மெதுவாக ஓடு!"

அவன் துரத்துகிறான். அவள் ஓடுகிறாள். ஓடும்போதே அப்பல்லோ பேசிக்கொண்டு வருகிறான். அந்தப் பேச்சை ஓவிட் எழுதியிருக்கும் விதம் வேடிக்கையானது.

தான் விரோதி இல்லை என்கிறான். காதலால்தான் வருகிறேன் என்கிறான். விழுந்துவிடப் போகிறாய், முள் குத்தப் போகிறது என்று கவலைப்படுகிறான். கொஞ்சம் மெதுவாக ஓடினால் தானும் மெதுவாகத் துரத்துவதாகச் சொல்கிறான்! தான் ஆடு மேய்க்கிறவன் அல்ல, பெரிய இடத்துப் பிள்ளை என்று குலப்பெருமை பேசுகிறான். ஊர் ஊராகத் தனக்குக் கோவில் இருப்பதைச் சொல்கிறான்.

எல்லாம் சொன்னவன் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. "உனக்கு இஷ்டமா?" என்று கேட்கவில்லை.

சினிமாவில் கதாநாயகன் பாடிக்கொண்டே பின்னால் போவான். கதாநாயகி முறைப்பாள். விலகிப் போவாள். ஒரு பாட்டு முடிவதற்குள் சிரித்துவிடுவாள். ஐம்பது அறுபது வருஷமாக இந்தக் காட்சி மாறி மாறி வந்திருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்த பையன், முறைப்பது என்பது சிரிப்பதற்கு முந்திய கட்டம் என்று நம்பிவிடுகிறான். ரெயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பாட்டும் தெரியாது, அடுத்த காட்சியும் தெரியாது. அவளுக்கு அடுத்த நிலையத்தில் இறங்குவதா, கூட்டமுள்ள பெட்டிக்கு மாறுவதா என்பதுதான் கவலை.

தகப்பன் செய்த உதவி

டாப்னிக்குக் கால் தளர்ந்துவிட்டது. அவன் மூச்சு அவள் பிடரியில் படுகிறது. எதிரே தகப்பனின் ஆறு தெரிகிறது. "அப்பா, காப்பாற்று! இவன் ஆசைப்படுகிற இந்த உருவத்தை மாற்றிவிடு" என்று கதறுகிறாள்.

தகப்பன் ஆற்றுத் தேவன். வெள்ளமாக எழுந்து அப்பல்லோவை வழி மறித்திருக்கலாம். துரத்தியவனை ஒரு தவளையாகவாவது மாற்றியிருக்கலாம்! அப்பல்லோ பெரிய இடம். மோத முடியவில்லையோ என்னவோ. அவன் மகளை மாற்றினான்.

அவள் உடம்பில் பட்டை மூடியது. தலைமயிர் இலையானது. கைகள் கிளைகளாயின. ஓடிக்கொண்டிருந்த கால் வேராகி மண்ணில் ஊன்றிக்கொண்டது.

லாரல் என்ற மரம் அது. நம் ஊரில் பிரியாணிக்குப் போடும் இலை இருக்கிறதே, அந்த மரத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்.

மகள் தப்பித்தாள். அப்பல்லோவுக்கு மனைவி ஆகவில்லை. ஆனால் அதன் பிறகு அவள் காட்டில் ஓடவில்லை. வேட்டையாடவில்லை. நின்ற இடத்தில் நின்றாள்.

இப்போது சிட்லபாக்கத்து வீட்டுக்குத் திரும்பலாம். "ஒருத்தன் பின்னாலேயே வர்றான்" என்று மகள் சொன்னாள். தகப்பன் என்ன சொல்கிறார்? "நாளையிலிருந்து அந்த வழியாப் போகாதே" என்கிறார். தாய் என்ன சொல்கிறாள்? "நீ ஏண்டி திரும்பிப் பார்த்தே?" என்கிறாள். பாட்டி சொல்கிறாள்: "படிச்சது போதும். நல்ல இடமாப் பார்த்து முடிச்சுடுங்க."

வழி மாற்று. ரெயில் மாற்று. உடுப்பு மாற்று. செல்போன் எண்ணை மாற்று. கல்லூரியை மாற்று. மாலை வகுப்பு வேண்டாம். இரவு ஷிப்ட் வேண்டாம். வேலையே வேண்டாம். வீட்டில் இரு.

எல்லா மாற்றமும் அவளுக்கு. பின்னால் வந்தவன் அதே நேரத்துக்கு, அதே சட்டையோடு, அதே நடைமேடையில் நிற்கிறான். அடுத்த பெண்ணைப் பார்த்துக்கொண்டு!

இப்படித்தான் வீட்டுக்கு வீடு பெண்கள் மரமாகிறார்கள். முதலில் கை. அப்புறம் கால். ஒரே நாளில் ஆவதில்லை. அந்தச் சின்னப் படத்தில் பாதி பெண்ணாகவும் பாதி மரமாகவும் நிற்கிறாளே, அந்த நிலையில் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். படிப்பு பாதியில் நின்றிருக்கும். வீட்டுக்குள் நடமாட்டம் இருக்கும்.

"சேலை மேல் முள் விழுந்தாலும், முள் மேல் சேலை விழுந்தாலும் சேதம் சேலைக்குத்தான்" என்று ஒரு பழமொழி சொல்வார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாகிவிட்டது. முள்ளைப் பிடுங்க வேண்டும் என்று ஒரு பழமொழி வந்திருக்கக் கூடாதா?

பெற்றவர் பயம்

பெற்றவர்கள் பயப்படுவது வீண் பயம் என்று சொல்லிவிட முடியாது. சானடோரியத்தில் ஏறினால் பரங்கிமலை ஆறாவது நிலையம். 2022 அக்டோபர் 13-ந் தேதி அந்த நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ரெயில் வரும் நேரத்தில் தண்டவாளத்தில் தள்ளிக் கொல்லப்பட்டாள். பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தவன் செய்த காரியம் அது. 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியைப் படித்த எந்தத் தகப்பனுக்கு நெஞ்சு பதறாது? அந்த வழியாகத்தானே தன் மகளும் தினமும் போகிறாள்!

ஆகையால் தகப்பனைக் குறை சொல்லி என்ன பயன்? பெனியசும் மகளைக் கொல்ல நினைக்கவில்லை. காப்பாற்றத்தான் நினைத்தான். கோளாறு எங்கே என்றால், அவன் தனியாக இருந்தான். பக்கத்து ஆறுகள் எதுவும் அப்போது வரவில்லை. ஒரு தகப்பன் தனியாக நின்றால் அவனுக்குத் தெரிவது ஒரே வழிதான். கதவைப் பூட்டுவது.

தலையாட்டியது போல...

மரமான பிறகு அப்பல்லோ என்ன செய்தான்? வெட்கப்பட்டானா? மன்னிப்புக் கேட்டானா?

இல்லை. மரத்தைக் கட்டிக்கொண்டான். பட்டைக்குள்ளே அவள் நெஞ்சு இன்னும் துடிப்பது அவன் கைக்குத் தெரிந்ததாம். முத்தம் கொடுத்தான். மரம் கூட விலகியதாம்! அப்போதும் அவனுக்குப் புரியவில்லை. மனைவியாகாவிட்டால் என்ன, நீ என் மரம் என்று சொன்னான். அவள் இலையைப் பறித்துத் தலையில் சூடிக்கொண்டான்.

அதிலிருந்துதான் வெற்றி பெற்றவர்களுக்கும் கவிஞர்களுக்கும் லாரல் இலைக் கிரீடம் சூட்டும் வழக்கம் வந்தது என்று சொல்வார்கள். நோபல் பரிசு பெற்றவரை ஆங்கிலத்தில் "லாரியட்" என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லும் இந்த மரத்தின் பெயரிலிருந்து பிறந்ததுதான். வேண்டாம் என்று ஓடிய பெண், துரத்தியவன் தலைக்கு அலங்காரமானாள்.

இன்னொரு விஷயம். அப்பல்லோ பேசி முடித்ததும் மரம் தலையாட்டியது போல் இருந்தது என்று ஓவிட் எழுதுகிறார். தலையாட்டியது என்று எழுதவில்லை. ஆட்டியது போல் இருந்தது என்றுதான் எழுதுகிறார். கெட்டிக்காரக் கவிஞர்! யாருக்கு அப்படி இருந்தது? அவனுக்குத்தான்.

"என்னைப் பார்த்துச் சிரித்தாள்", "போனை எடுத்தாள், அதனால் இஷ்டம்தான்" என்று போலீஸ் நிலையத்தில் எத்தனையோ வாலிபர்கள் சொல்கிறார்கள். காற்றில் அசைந்த கிளையைப் பார்த்துவிட்டுச் சம்மதம் என்கிறார்கள்.

வேங்கை மரமான வேலவன்

இதே போல் ஆசையும் மரமும் கலந்த கதை ஒன்று தமிழ்நாட்டிலும் உண்டு. சிட்லபாக்கத்துக் குடும்பங்கள் குன்றத்தூர் முருகன் கோவிலுக்கும் திருப்போரூருக்கும் போய் வருகிறவை. அவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வள்ளி கதைதான்.

காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்தின் கடைசியில் வள்ளி திருமணம் வருகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் அதை நாடகமாக்கினார். தென் மாவட்டங்களில் கோவில் திருவிழா என்றால் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும். 1945-லும் 1961-லும் "ஸ்ரீ வள்ளி" என்று சினிமாவும் வந்தது. ஐரோப்பாவிலும் இப்படித்தான். பாட்டாகவே நடக்கும் இசை நாடகம் அங்கே பிறந்தபோது, முதலில் எடுத்துக்கொண்ட கதை டாப்னி கதை. 1598-ல் பிளாரன்சில் அரங்கேறியது.

வள்ளி தினைப்புனம் காக்கிறாள். முருகன் வேடனாக வருகிறான். ஆசை வார்த்தை பேசுகிறான். அந்த நேரம் பார்த்து வள்ளியின் தகப்பன் நம்பிராஜன் ஆட்களோடு வருகிறான். முருகன் என்ன செய்தான்? வேங்கை மரமாகி நின்றான்!

கிரேக்கக் கதையில் பெண் மரமானாள். தமிழ்க் கதையில் தேவன் மரமானான்.

வேங்கை மரம் எல்லோருக்கும் தெரியும். மஞ்சளாகப் பூக்கும். பட்டையைக் கீறினால் ரத்தம் போலச் சிவந்த பிசின் வடியும். அந்த மரமாகித் தேவசேனாபதி அசையாமல் நிற்கிறான். வேடர்களுக்குச் சந்தேகம். நேற்று இல்லாத மரம் இன்றைக்கு எப்படி வந்தது? வெட்டிப் போடலாமா என்று கேட்கிறார்கள். சூரனை வென்றவன் கோடாலிக்குப் பயந்து நிற்கிற காட்சியில் சிரிக்காதவர் உண்டா?

பிறகு கிழவனாக வருகிறான். தேனும் தினைமாவும் வாங்கித் தின்கிறான். அதோடு நிற்காமல் தன் ஆசையைச் சொல்கிறான். வள்ளி அவனைச் சரியாகத் திட்டிவிட்டுத் தினைப்புனத்தைப் பார்க்கப் போகிறாள். அப்போதுதான் அண்ணன் விநாயகரை யானையாக வரச்சொல்லி அவளைப் பயமுறுத்துகிறான்.

இந்த இடத்தில் வீட்டிலுள்ள பெண் பிள்ளைகள், "இதுவும் வம்புதானே?" என்று கேட்டால், கேட்பது நியாயம். யானையை ஏவிப் பயமுறுத்துவது நல்ல காரியமா? பக்தி குறைந்துவிடும் என்று அந்தக் கேள்வியை அடக்கத் தேவையில்லை. முருகனைக் கேள்வி கேட்கிற உரிமை தமிழ்ப் பெண்களுக்கு எப்போதும் உண்டு.

ஆனால் பெரியவர்கள் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வள்ளி முற்பிறவியிலேயே முருகனை மணக்க வேண்டும் என்று தவம் கிடந்தவள் என்பது புராணம். வேடன் வேண்டாம், கிழவன் வேண்டாம் என்றாள். முருகன் வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. டாப்னிக்கு அப்படி இல்லை. வந்தவன் யாராக இருந்தாலும் அவளுக்கு வேண்டாம்.

தெருவில் துரத்துகிற வாலிபன் தன்னை முருகன் என்று நினைத்துக்கொள்கிறான். அவனுக்காக எந்தப் பெண்ணும் முற்பிறவியில் தவம் கிடக்கவில்லை!

இன்னும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. வேடனானது யார்? மரமானது யார்? கிழவனானது யார்? எல்லாம் அவன். வள்ளி முதலிலிருந்து கடைசி வரை வள்ளியாகவே இருக்கிறாள். தினைப்புனத்தை விட்டு யாரும் அவளைத் துரத்தவில்லை. கடைசியில் பெற்றவர்கள் முன்னிலையில், ஊரறியக் கலியாணம் நடக்கிறது.

ஆசைப்பட்டவன் மாற வேண்டும். இது பிளாரன்ஸ் நகரத்துப் பலகையில் இல்லாத செய்தி. தமிழ்நாட்டு மேடையில் விடிய விடிய சொன்ன செய்தி. கேட்டவர்கள் தூங்கிவிட்டார்களோ என்னவோ!

வீட்டில் செய்ய வேண்டியது

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி கேலி செய்தவர்களால் உயிரிழந்தாள். அந்த ஆண்டே தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. 2013-ல் பெண்களைப் பின்தொடர்வது தனிக் குற்றம் என்று இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78-வது பிரிவு.

அந்தப் பிரிவு சொல்வது இதுதான்: இஷ்டம் இல்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும், திரும்பத் திரும்பப் பின்னால் போவதும், பேச முயல்வதும் குற்றம். செல்போனிலும் இன்டர்நெட்டிலும் அவளைக் கண்காணிப்பதும் குற்றம். முதல் தடவை 3 ஆண்டு வரை சிறை. மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை. பெண் 18 வயதுக்கு உட்பட்டவளானால் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டமும் சேரும். எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. 181 என்ற எண்ணில் பெண்களுக்கு உதவி உண்டு.

சட்டம் இருந்தும் பரங்கிமலையில் ஒரு பெண் செத்தாள். ஆகவே சட்டம் மட்டும் போதும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மகள் வந்து சொன்னதும் முதல் வேலை, அவள் சொல்வதை முழுக்கக் கேட்பது. "நீ என்ன செய்தே?" என்ற கேள்வியை விட்டுவிட வேண்டும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் பல பெண்கள் மாதக்கணக்கில் வாயைத் திறப்பதில்லை. வாயைத் திறக்கும்போது காரியம் கைமீறிப் போயிருக்கும்.

மறுநாள் தகப்பனாரோ அண்ணனோ கூடப் போகலாம். அவளைக் காவல் காக்க அல்ல, அவனை அடையாளம் பார்க்க. பையன் பக்கத்துத் தெருவாக இருந்தால் அவன் வீட்டுக்கு நாலு பெரியவர்களோடு போய் அவன் தாய் தகப்பனிடம் சொல்லலாம். கேட்கவில்லையென்றால் எழுதிப் புகார் கொடுக்கலாம். அவள் வழக்கம் போல அதே ரெயிலில், அதே கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். மாற வேண்டியது அவன் வழி.

ஆண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் வேலை இருக்கிறது. "எங்க பையன் அப்படி இல்லை" என்று கதவைச் சாத்தாமல், "இனி அந்தப் பெண் போகிற ரெயிலில் நீ போகாதே" என்று தன் பிள்ளையிடம் சொல்கிற தாய் வேண்டும். அப்படி ஒரு தாய் சொன்னால் அரைப் போலீஸ் நிலையத்துக்குச் சமம்.

சிட்லபாக்கம் ஊர் கூடத் தெரிந்த ஊர்தான். 2019-ல் ஏரி வறண்டபோது, குடியிருந்தவர்கள் விடுமுறை நாளில் கூடி ஏரிக்குள் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். மனு மேல் மனு கொடுத்தார்கள். அரசாங்கம் பணம் ஒதுக்கிக் கரையைச் சீர் செய்தது. ஏரிக்காகக் கூடியவர்கள், விளக்கு எரியாத தெருவுக்காகவும் கூடலாம். ஒரு வீட்டுப் பெண் பயந்து நடக்கிறாள் என்றால், ஏழு வீட்டுத் தகப்பன்மார் அந்த நேரத்துக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதாதா? காற்றும் வாங்கலாம்!

2021-ல் தமிழ்நாட்டில் பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் இலவசப் பயணம் வந்தது. 2022-ல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் வந்தது. பெண்கள் வெளியே போகட்டும், படிக்கட்டும் என்றுதான் இத்தனை ஏற்பாடும். வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை உள்ள அந்த அரை மைல் தூரத்துக்குத்தான் திட்டம் எதுவும் வரவில்லை. அதை அந்தத் தெருக்காரர்கள்தான் போட வேண்டும்.

டாப்னி கதையில் கடைசியாக ஓர் இடம் இருக்கிறது. ஓவியர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகள் மரமான செய்தி பரவியதும், சுற்றுப்புறத்து ஆறுகளெல்லாம் பெனியஸ் வீட்டுக்கு வந்தன. துக்கம் விசாரிக்க வருவது போல வந்தன. வந்து நின்றனவே தவிர, என்ன பேசுவதென்று அவற்றுக்குத் தெரியவில்லை. மகள் தப்பித்தாள் என்று அவனுக்கு வாழ்த்துச் சொல்வதா, மகள் போய்விட்டாள் என்று ஆறுதல் சொல்வதா?